ஆறாமீன் மறைகிற மாதம்

அக்கா,

பக்கத்து வீட்டில் இன்று முந்திரிக்கொட்டை சுடுகிறார்கள். அந்தக் கரும்புகை சந்து முழுக்கச் சுற்றிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குள்தான் நுழைகிறது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலையெல்லாம் சாத்தினாள். நான் என் அறை ஜன்னலை மட்டும் மறுபடி திறந்து வைத்தேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். தொண்டை கமறக் கமற உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

காலையில் நாட்காட்டித் தாளைக் கிழித்தபோது, அடியில் பொடி எழுத்தில் அக்னி நட்சத்திரம் ஆரம்பம் என்று போட்டிருந்தது. வருஷா வருஷம் போடுவதுதான். இந்த வருஷம் அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் பங்குனியில் போய்விட்டீர்கள். காரியம் முடிந்து நான் கந்தர்வக்கோட்டைக்குத் திரும்பிய அன்று அந்தியில் மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பார்த்தேன். நம் நட்சத்திரக் கூட்டம், ஆறாமீன், இருந்தது. அதன்பின் தினமும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கீழே. போன வாரம் அதுவும் போய்விட்டது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் உங்கள் வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தபோது, புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. மாமா மட்டும் மகாராஜா இன்னும் அரண்மனையில் இருந்து ஆள்வதுபோலவே பேசுவார். மாமியார் இல்லாத வீடு. நீங்கள்தான் எல்லாம். ஓரகத்தி என்றால் ஒரு உறையில் இரண்டு கத்தி என்று எங்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் வந்தேன். வந்த முதல் நாள் நான் பால் பொங்கவிட்டு நின்றேன். நீங்கள் அடுப்பைத் துடைத்துவிட்டு, "நல்லதுதான் போ, வந்த அன்னைக்கே பால் பொங்கியிருக்கு" என்றீர்கள். அதற்குமேல் சண்டைக்கு எங்கே வழி?

எனக்குக் கல்யாணமானது ஆவணியில். ஐப்பசியில் உங்கள் வீட்டுக்காரர் மலேயாவுக்குக் கிளம்பினார். அங்கே யாரோ சொந்தக்காரர் கடையில் வேலை. மழை இரண்டு வருஷம் பொய்த்து, கண்மாயில் ஆடு மேய்ந்த காலம் அது. நாகப்பட்டினத்தில் கப்பல். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தியில் நான் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கக் களத்துக்குப் போனேன். போருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் நின்றிருந்தீர்கள். திரும்பிப் போனால் சருகு சத்தம் கேட்கும், நின்றால் பேச்சு கேட்கும். நின்றுவிட்டேன். நீங்கள் விசும்பிக்கொண்டிருந்தீர்கள். மூத்தவர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் கிழக்கே கையை நீட்டினார்.

"அந்தா கெழக்க ஒரு கூட்டம் ஏறி வருது பாரு, அதான் ஆறாமீன். நான் போற தெசையும் அதுதான். அங்கிட்டு இருந்து அந்தியில நான் அதைப் பாப்பேன். நீயும் பாரு. பாத்தா, பேசிக்கிட்ட மாதிரி."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த வயதில் அது சிரிப்பாகத்தான் வந்தது. வைக்கோலை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அந்த வீட்டில் உங்களுக்கு வேறு என்ன இருந்தது? கடிதம் வந்தால் மாமா நடுவீட்டில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். அனைவரும் க்ஷேமமா, மாடு கன்று ஈன்றதா, கண்மாயில் தண்ணீர் வந்ததா. பெண்டாட்டிக்கு என்று தனியே ஒரு வரி எழுதுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. எழுதினாலும் மாமா அதையும் அதே குரலில் வாசித்திருப்பார். நீங்கள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பீர்கள். மாடு கன்று ஈன்ற சேதியில் உங்களுக்கு என்ன ஆறுதல்? ஆகாயத்தில் இருப்பதை யாரும் உரக்க வாசிக்க முடியாது. அதனால் அது உங்களுடையதாக ஆயிற்று.

அந்தி என்பது விளக்கேற்றி உலை வைக்கிற நேரம். பெண்டுகள் வானத்தைப் பார்க்கிற நேரமா அது? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன் என்பீர்கள். வெறகு எடுத்துட்டு வாரேன் என்பீர்கள். நானும் பின்னாலேயே வருவேன், வேவு பார்க்க. முதல் நாள்களில் உங்களைக் கேலி செய்தே கொன்றேன். "என்னக்கா, இன்னைக்கி என்ன சேதி வந்துருக்கு, சாப்பிட்டாராமா?" என்பேன். நீங்கள் கோபப்பட மாட்டீர்கள். என் தாடையைப் பிடித்து மேலே திருப்பி, "நீயே கேளு" என்பீர்கள்.

அப்படித்தான் நானும் பார்க்க ஆரம்பித்தேன். களத்து மேட்டில் புல் ஈரமாக இருக்கும். கண்மாய்ப் பக்கமிருந்து தவளைச் சத்தம் வரும். பார்க்கப் பார்க்க, முதலில் ஒரு வெள்ளைக் கசிவாகத் தெரிவது, மெல்ல மெல்லப் பிரிந்து தனித்தனி மீனாக நிற்கும். முறத்தின் மூலையில் ஒதுங்கிய குருணை மாதிரி இருக்கு என்றீர்கள். எத்தனையோ பேர் அதை எப்படியெப்படியோ சொல்லிக் கேட்டுவிட்டேன். இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆறு தெரியும். உங்களுக்கு ஏழு. இல்லாததைச் சொல்கிறீர்கள் என்று நான் சண்டை பிடிப்பேன். "நேராப் பாக்காத. கொஞ்சம் ஓரமாப் பாரு, அது வெக்கப்படும்" என்பீர்கள். ஓரமாகப் பார்த்தாலும் எனக்கு ஆறுதான். அந்த ஏழாவதை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அங்கே நமக்கு முன்னாலேயே இருட்டிவிடும் என்று மாமா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். மீன் கிழக்கேயிருந்து வருகிறது. அப்படியென்றால் அவர் தலைக்குமேல் நின்றுவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அவர் பார்த்து அனுப்பியதை நாம் வாங்கிக்கொள்கிறோம். அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த அமைதியை நான் வேறு எந்த முகத்திலும், எந்தச் சாமி கும்பிடுகிற முகத்திலும் கண்டதில்லை. எனக்குக் கேலி வரவில்லை. நானும் அண்ணாந்து, கடல் தாண்டி ஊறி வந்த அந்த வெளிச்சம் நெற்றியில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உலை கொதித்து வழிந்தது, மாமா சத்தம் போட்டார்.

கார்த்திகை என்று பஞ்சாங்கம் சொல்கிற ஆறாமீனுக்குப் பின்னாலேயே இன்னொரு கூட்டம் வரும். அது ரோகிணி, வண்டி மாதிரி இருப்பதால் சகடு என்றும் சொல்வார்கள் என்று மாமாதான் சொன்னார். ஒரு சிவப்பு மீனும் அதன் பக்கத்தில் பொடிப்பொடியாகச் சிலதும் சேர்ந்து, சாய்த்து நிறுத்திய வண்டிபோலத் தெரியும். "பாருடி, ஆறாமீனைக் கூட்டிக்கிட்டுப் போக வண்டி பின்னாலயே வருது" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு பலித்துவிட்டது.

தையில் பொங்கல் வரிசை கொண்டு உங்கள் அண்ணன் கொடும்பாளூர்ப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கரும்பும் மஞ்சள்கொத்தும் புதுப்பானையும் இறக்கி வைத்துவிட்டு, வந்த மனுஷன் சிரிக்கவே இல்லை. சாயங்காலம் வாசலில் கட்டிலில் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவன் அவர்கள் ஊரில் பேசியிருக்கிறான், உங்கள் வீட்டுக்காரர் அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று. கார்த்திகைக்குப் பின் கடிதமும் இல்லை. பிள்ளையும் இல்லாத என் தங்கச்சி இங்கே யாருக்காகச் சோறாக்குகிறாள், நான் கூட்டிப் போகிறேன் என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. கண் கலங்கித்தான் சொன்னார். மாமா வெற்றிலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அதிலேயே பாதி சம்மதம் தெரிந்தது.

நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து வாசலுக்கு வந்தீர்கள். மாமா முன்னால் நீங்கள் அப்படி வந்து நின்று நான் பார்த்ததே இல்லை. தை மாத அந்தி. ஆறாமீன் உச்சி வானத்தில், நம் வீட்டு முற்றத்துக்கு நேரே நின்றது.

"அண்ணே, அந்தக் கூட்டம் வானத்துல இருக்குற வரைக்கும் நான் இந்த வாசலை விட்டு எறங்க மாட்டேன். அது இல்லாத அன்னைக்கு நீங்க வண்டி கட்டிக்கிட்டு வாங்க. நான் ஒரு வார்த்தை பேசாம ஏறிக்கிறேன்."

உங்கள் அண்ணன் அண்ணாந்து பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார். முதல்முறையாக லேசாகச் சிரித்தார். "வாக்கு வாக்குத்தான், ஆத்தா" என்றார். மாமாவும் தலையை ஆட்டிவிட்டார். ஏன் சிரித்தார் என்று எனக்கு அன்று புரியவில்லை. சூரியன் சந்திரன் உள்ளவரை என்று கல்லிலும் செம்பிலும் வெட்டி வைக்கிற நாட்டில், நீங்கள் சூரியனையும் சந்திரனையும் விட்டுவிட்டு ஆறாமீனைப் பிடித்தீர்கள். விதைப்பும் அறுப்பும் வானம் பார்த்துச் செய்கிற சம்சாரி அவர். எந்த மீன் எந்த மாதம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் வானம் அந்த ஐப்பசியில்தான் பிறந்திருந்தது. ஒரு முழு வருஷம் நாம் அதைப் பார்த்ததே இல்லை.

மாசியில் அது உச்சியைத் தாண்டிவிட்டது. பங்குனியில் மேற்கே சாய்ந்தது. அது முந்திரிக் காலம். பகலெல்லாம் கொல்லையில் கொட்டை பொறுக்குவோம். கொட்டைப் பால் பட்டு விரல் தோல் உரியும். அந்திக்கு அங்கேயே நின்று பார்ப்போம், முந்திரி மரத்தலைக்குமேல் ஆறாமீன். மறுநாள் மரத்தலையில். அதற்கடுத்த சில நாளில் கிளைகளுக்கு நடுவே. நான் உங்களைப் பார்ப்பேன். நீங்கள் அந்தக் கிளைகளையே பார்ப்பீர்கள். கடிதமும் வரவில்லை. "இம்புட்டு நாளா இங்கிட்டு வந்தது, இப்ப அங்கிட்டுப் போவுதே" என்று ஒரே ஒரு நாள் சொன்னீர்கள். சித்திரை பாதி தாண்டியதும், சூரியன் விழுந்த செம்மையிலேயே அது கரைந்துபோனது. இருட்டும்வரை நின்றோம். மேற்கே ஒன்றும் இல்லை.

எனக்குத்தான் பதற்றம். உங்கள் அண்ணன் வண்டிச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று என் பாட்டைத்தான் நினைத்தேன், மறைப்பானேன். எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. மேற்கு வானத்தில் இன்னும் மேலே, பூச நட்சத்திரம் இருக்கும் இடத்தில், புகை மாதிரி ஒரு மங்கல் கூட்டம் உண்டு. கண்ணைச் சுருக்கினால் அதுவும் குருணைதான். அண்ணன் வந்தால் அதைக் காட்டிவிடுவோம், அந்தியில் ஆணுக்கு என்ன தெரியப்போகிறது என்றேன். உங்களுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "எங்க அண்ணன் மாட்டுக்குப் பல்லுப் பாத்து வாங்குற ஆளுடி, அவுகள ஏமாத்த முடியாது" என்றீர்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "வாக்கு குடுத்தது அதுக்கு இல்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றீர்கள்.

இதற்குள் சித்திரை முதல் நாள் கோயிலில் கேட்ட ஒன்று உங்கள் மனதில் கிடந்திருக்கிறது. அன்று பஞ்சாங்கம் வாசித்தார்கள். மழை எத்தனை மரக்கால், எந்தத் தானியம் விளையும் என்று வரிசையாக வாசித்து, சூரியன் கிருத்திகையில் நிற்கிற காலம் அக்னி நட்சத்திரம், தோஷ காலம் என்று ஐயர் சொல்லிக்கொண்டே போனார். நான் தூணில் சாய்ந்து தூங்கி வழிந்தேன். திரும்பி வரும்போது கிருத்திகை என்றால் கார்த்திகைதானே என்று கேட்டீர்கள். ஆமாம், அதுக்கென்ன என்றேன். நீங்கள் பானகத் தூக்கைக் கைமாற்றிக்கொண்டு நடந்தீர்கள்.

உங்கள் அண்ணன் கத்திரி வெயிலின் உச்சத்தில் வந்து சேர்ந்தார். நடுப்பகல். மாடுகள் நுரை தள்ள, வண்டியைப் புளிய நிழலில் அவிழ்த்தார். வண்டிக்குப் புதுக் கூண்டு கட்டி, உள்ளே பாய் விரித்து, தலையணைகூடப் போட்டிருந்தார். அந்தத் தலையணையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் செம்பில் பழைய சோற்று நீச்சத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். குடித்து முடித்தார். "ஆத்தா, இன்னைக்கு அந்தியில நீயே காட்டு. இருந்தா நான் வெறும் வண்டியோட போறேன்" என்றார். குரலில் கடுமை இல்லை. வாக்கை வைத்தே தங்கையைக் காப்பாற்றிவிடலாம் என்கிற நிம்மதிதான் இருந்தது.

நீங்கள் செம்பை வாங்கிக் கீழே வைத்தீர்கள். "அந்தி வரைக்கும் எதுக்குண்ணே. இப்பவே காட்டுறேன், செருப்பைக் கழத்திட்டு வாங்க" என்றீர்கள்.

மாமா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். உங்கள் அண்ணன் ஒன்றும் புரியாமல் தோல் செருப்பைக் கழற்றினார். நீங்கள் அவர் கையைப் பிடித்து, சிறுபிள்ளையைக் கூட்டிப்போவதுபோல, நிழலிலிருந்து வாசல் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் காலிலும் செருப்பு இல்லை. அந்த மண்ணில் அன்று அப்பளம் போட்டால் பொரிந்திருக்கும். அவர் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக் குதிக்க ஆரம்பித்தார். நீங்கள் அசையாமல் நின்றீர்கள்.

"சுடுதாண்ணே?"

"சுடாமயா? விடு ஆத்தா."

"இதுக்குப் பேரு என்ன?"

"கத்திரி."

"பஞ்சாங்கத்துல?"

"அக்கினி நட்சத்திரம்."

"எந்த நட்சத்திரம்?"

அவர் குதிப்பது நின்றுவிட்டது.

"எம் மீனு எங்கிட்டும் போகலண்ணே. தெனமும் பாத்தவ சொல்றேன். அது எறங்குச்சு, சூரியன் கிட்ட போச்சு, இப்ப சூரியன் அது மேல வந்து உக்காந்துருக்கு. கண்ணுக்குத் தெரியல. காலுக்குத் தெரியுதுல்ல?"

வாசலில் மூன்று நிழல்கள் காலடியில் சுருண்டு கிடந்தன. நான் எப்போது அங்கே வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன் என்று எனக்கே தெரியாது. என் காலும் வெந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் பகலைப் பகலாகப் பார்க்கவில்லை, அக்கா. அந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பின்னால், நம் தலைக்கு நேர்மேலே, அந்த ஆறும், உங்கள் ஏழாவதும் நின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. பகல் என்பது மேலே இழுத்துவிட்ட ஒரு துணி மாதிரி. இன்றும் எந்த நடுப்பகலிலும் அண்ணாந்தால் எனக்கு அந்த எண்ணம் வந்துவிடும்.

மாமாதான் தீர்ப்பு சொன்னார். கத்திரியில் பெண்ணை வண்டியேற்றி அனுப்புவது வழக்கமில்லை. சூரியன் நகர்ந்தால் மீன் மறுபக்கம், கிழக்கே விடியலில் வரவேண்டும். ஆனி பிறப்பதற்குள் வந்தால் அது வானத்தில்தான் இருந்தது என்று அர்த்தம். வராவிட்டால் மருமகள் அண்ணனோடு போகட்டும். உங்கள் அண்ணன் ஒப்புக்கொண்டார். பாதத்தில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அதைப் பார்த்து நாம் இருவரும் அடுப்படியில் போய்ச் சிரித்தோம்.

வைகாசிக் கடைசியில் அவர் மறுபடி வந்தார். அதே கூண்டு, அதே தலையணை. மேல்காற்று தொடங்கிவிட்டது. விடியலில் மேகம் கூட்டம் கூட்டமாக ஓடும். கோழி கூப்பிடும் முன்பே நாம் எழுந்து களத்துக்குப் போவோம். கிழக்கே மூட்டமாக இருக்கும். மூட்டம் விலகும்போது வெளுத்துவிட்டிருக்கும். பல நாள் இப்படியே போனது. ஆனி பிறக்க இன்னும் ஓரிரு நாள்தான். அன்று ராத்திரி நீங்கள் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை மடித்து வைத்தீர்கள். எனக்கென்று ஒரு சேலையை எடுத்துத் தனியே வைத்தீர்கள். நான் வாங்கமாட்டேன் என்றேன். பேச்சு வளரவில்லை. அழுத அலுப்பில் இருவரும் தூங்கிவிட்டோம், என்றும் விழித்துக்கொள்கிற நேரத்துக்கு அன்று விழிக்கவில்லை.

கதவை யாரோ தட்டினார்கள். உங்கள் அண்ணன். மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்த மனுஷன். தலையில் துண்டு, கையில் வைக்கோல்.

"ஆத்தா, எந்திரி. வந்துருச்சு."

ஓடினோம். கிழக்கே, பனைகளுக்கு மேலே, மேகம் ஒரு கை அகலம் விலகியிருந்தது. அந்த இடைவெளியில் குருணை. கழுவி எடுத்த குருணை. விடியலின் நீலத்தில் அது மிதந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது மேகம் மூடிவிட்டது. அவர் கூப்பிடாமல் இருந்திருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது. வாயை மூடிக்கொண்டு மாட்டைக் கட்டியிருந்தால் அவர் நினைத்தது நடந்திருக்கும். நீங்கள் அவர் காலில் விழுந்து கும்பிட்டீர்கள். அவர் வைக்கோலைக் கீழே போடவும் தெரியாமல் நின்றார். "நான் தோத்துட்டேன் போ" என்றார். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற ஆளை நான் பார்த்ததில்லை. விடிந்ததும் தலையணை கிடந்த இடத்தில் ஒரு மூட்டை முந்திரிக்கொட்டையை ஏற்றி அனுப்பினோம்.

ஆடியில் கடிதம் வந்தது. கடை நொடித்து வேறு ஊருக்கு மாறியிருக்கிறார், நடுவில் காய்ச்சல், எழுதியவை எங்கோ தவறியிருக்கின்றன. சேர்த்துக்கொண்டது வேறு யாருடைய கதையோ. மாமா உரக்க வாசித்தார், நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள். அதற்குப் பின் பல வருஷங்கள் நாம் ஆறாமீன் பார்த்தோம். ஒவ்வொரு கத்திரியிலும் வெறுங்காலோடு வாசலில் ஒரு நிமிஷம் நின்றோம். என் மகன் பிறந்து நடக்க ஆரம்பித்து, அவனும் நம்மோடு நின்று குதித்தான்.

மூத்தவர் திரும்பி வந்தது ஒரு மார்கழியில். பெரிய டிரங்குப் பெட்டி, டார்ச் லைட், கம்பளி, தைல வாசனை. ஊரே வாசலில். அந்தியில் கூட்டம் கலைந்தது. ஆறாமீன் கிழக்கே நன்றாக ஏறியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அங்க எந்நேரத்துக்குத் தெரியும் மச்சான், ஆறாமீனு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "எதும்மா? அதுவா? கடைக்குள்ள இருந்தா வானம் எங்க தெரியுது. அங்க மழையும் மூட்டமும்தான்" என்றார். களத்து மேட்டில் சொன்னது அவர் நினைவில் ஒரு சொல்கூட இல்லை. அழுகிற பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த எதையோ காட்டியிருக்கிறார். நிலவு தெரிந்திருந்தால் நிலவைக் காட்டியிருப்பார்.

நான் உங்களைத் திரும்பிப் பார்க்கவே பயந்தேன். நீங்கள் அவர் இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தீர்கள். மறுநாளிலிருந்து அவருக்கு மட்டும் தனிச் சட்டியில் குழம்பு, அதில் உப்பு கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்த மனுஷன் குப்பையில் போடாமல், ஏனென்றும் கேட்காமல், வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மலேயாவில் நாக்கு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. பல நாள் கழித்துத்தான் நீங்கள் உப்புப் போட்டீர்கள். அன்று அந்தியில் கட்டாந்தரையில் உட்கார்ந்து நான் மெல்லக் கேட்டேன், மனசு விட்டுப்போகலையா அக்கா என்று. நீங்கள் குருணையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அவரு பாக்கலைன்னா என்ன. தெனமும் ரெண்டு பேரு பாத்தமுல்ல" என்றீர்கள்.

அதற்குப் பின் உங்களுக்கும் மகன் பிறந்தான், மூத்தவர் போனார், என் வீட்டுக்காரர் போனார், நான் பிள்ளையோடு இங்கே வந்தேன். நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். ஆனாலும் ஐப்பசியில் அது கிழக்கே ஏறும்போது, நீங்களும் களத்தில் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் மாடியில் நிற்பது தெரியும். கேட்டுக்கொண்டதே இல்லை. ஊரார் சொல்வது மாதிரி, ஒரு உறையில் இரண்டு கத்தி. உறைதான் கொஞ்சம் பெரிதாக, வானம் அளவுக்கு வாய்த்தது.

என் கண்ணில் இப்போது புரை. ஆறு என்று எண்ணுவதெல்லாம் முடியாது. ஒரு வெள்ளைக் கசிவுதான். ஏழாவதை ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. இனி இல்லை. அதைப் பார்த்த கண் போய்விட்டது.

போன வாரம் அந்தக் கசிவும் மறைந்தபோது நான் உடைந்துபோனேன், அக்கா. நீங்கள் போனபோதுகூட அவ்வளவு அழவில்லை. மேற்கே அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு, இனி யாரோடு பார்ப்பது என்று இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். இன்று நாட்காட்டித் தாளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நானே மறந்துவிட்டேனே.

புகை அடங்கியதும், நடுப்பகலில், மருமகள் பார்க்காத நேரமாக மாடிக்குப் போனேன். செருப்பைக் கழற்றிப் படியில் வைத்தேன். சிமெண்டுத் தளம். நடுவில் போய் நின்றேன்.

சுடுகிறது, அக்கா.